ஐவரி, பன்னிரண்டு பீஸ்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்திலிருந்து பன்னிரண்டு மாதிரித் துண்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்பினேன்.

2. பார்சலோடு போன தாளில் ‘ஐவரி, நேச்சுரல், பாலிஷ் செய்தது, 12 பீஸ்’ என்று பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினேன். தோல் என்ற சொல்லை எழுதவில்லை.

3. வெள்ளிக்கிழமை, சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் பார்சலை நிறுத்தி வைத்தார்கள்.

4. அடுத்த புதன்கிழமை, வனத்துறையிலிருந்து இரண்டு பேர் ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

5. பார்சலைப் பற்றிய சந்தேகம் அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

6. கையெழுத்துக்காக அவர்கள் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் ஒரு வரியைப் படித்தபோது, வீட்டில் என் அம்மா தினமும் கையில் வைத்திருக்கும் ஒரு பொருள் ஞாபகம் வந்தது.

7. நான் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டாவதிலிருந்து சொல்கிறேன். தவறு அங்கேதான் தொடங்கியது, அது என்னுடைய தவறு.

ஆம்பூரில் நிறம் பொருத்துவது என் வேலை. வாங்குபவர் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டை அனுப்புவார். அதே நிறத்தை எங்கள் தோலில் கொண்டுவந்து, ஒப்புதலுக்கு மாதிரி அனுப்ப வேண்டும். என் மேஜைக்கு எதிரே நிற அட்டைகள் மாட்டியிருக்கும். வெள்ளைக்குப் பக்கத்து வரிசை மட்டும் இப்படிப் போகும்: ஆஃப் ஒயிட், எக் ஷெல், ஐவரி, போன். கடைசி இரண்டும் புதிதாக வருபவர்களைக் குழப்பும். ஐவரியில் மஞ்சள் ஒரு சொட்டு ஜாஸ்தி. போனில் கறுப்பு ஒரு சொட்டு ஜாஸ்தி. யானைத் தந்தத்துக்கும் எலும்புக்கும் நடுவே எங்களுக்கு இருந்த வித்தியாசம் அந்த ஒரு சொட்டுதான்.

எங்கள் தொழிற்சாலையில் யாரும் தோல் என்று சொல்வதில்லை. “ஐவரி காஞ்சிடுச்சா?” “ஐவரி ரெண்டு பீஸ் கம்மியா இருக்கு.” “அந்த போனைத் திருப்பிப் போடு.” இப்படித்தான் நாள் முழுக்கப் பேச்சு. சுற்றி இருப்பது எல்லாமே தோல் என்பதால் அந்தச் சொல் தேவைப்படுவதில்லை. தாளில் எழுதும்போதும் எனக்குத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பார்சல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பாய் ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாணியம்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

“இன்னாம்மா, யானைய பார்சல் கட்டிட்டியா?”

“யானையா?”

“உன்னோட ஐவரி. ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சிட்டாங்க. தந்தம்னு நெனச்சுட்டாங்க.”

“அது ஆட்டுத் தோல் பாய்.”

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அந்த ஆட்டுக்கும் தெரியும். தாளுக்குத் தெரியலையே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரும்படி மேலாளர் சொன்னார். எழுதுவதென்றால் முழுதாக எழுதுவது என் பழக்கம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் குறிப்பு எடுத்தேன். ஐவரி என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் லத்தீனில் எபுர். அதற்கும் முன்னால் எகிப்தியர்கள் யானையைக் குறித்த ஒரு சொல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். நம் நிகண்டுகளில் யானைக்கு இபம் என்றும் ஒரு பெயர் உண்டு. அதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், உறுதியில்லை. தந்தம் என்பது வடமொழி. வெறும் பல் என்றுதான் பொருள். பழைய தமிழில் மருப்பு என்றார்கள், கோடு என்றார்கள். மருப்பு மாட்டுக் கொம்புக்கும் பொருந்தும். கோடு என்றால் தந்தம், கொம்பு, மரக்கிளை, மலையுச்சி, பிறகு நாம் தாளில் இழுக்கும் கோடும்தான்.

இத்தனை சொற்களில் ஒன்றுக்கும் வெள்ளை என்ற பொருள் கிடையாது. எல்லாமே மிருகத்தின் பெயர், அல்லது அதன் உடம்பில் ஒரு பாகத்தின் பெயர். நிறம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. என் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன்: இங்கே இந்தச் சொல் நிறத்தை மட்டும் குறிக்கிறது, எந்த மிருகத்தையும் குறிக்கவில்லை. இரண்டு பக்கம் வந்தது. பாய் படித்துப் பார்த்தார்.

“இவ்ளோ எதுக்கும்மா? தோல்னு ஒரே ஒரு வார்த்தை போதுமே.”

புதன்கிழமை வந்த இருவரில் மூத்தவர்தான் பேசினார். மற்றவர் எழுதிக்கொண்டார். மூத்தவர் மரியாதையானவர். டீயை முழுதும் குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார். மாதிரித் துண்டைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், சிரித்தார். பிறகு நிற அட்டைகளின் முன்னால் போய் நின்றார்.

“இது ஐவரி. சரி. பக்கத்துல இருக்கிறது இன்னா?”

“போன் சார்.”

“எலும்பா? அதுவும் தோலுதானா?”

“ஆமா சார்.”

“நல்ல ஊரு மேடம். எது பேரும் அதுக்கு இல்ல.”

இந்தக் குழப்பம் தனக்கும் பழக்கம்தான் என்றார். தந்தம் என்று சொல்லி எலும்பை விற்பார்கள், எலும்பு என்று சொல்லித் தந்தத்தைக் கடத்துவார்கள். கண்டுபிடிப்பது எப்படி என்று நான் கேட்டேன். படித்த படிப்பு அப்படி; சோதனை முறை என்றால் கேட்டுவிடுவேன். அவர் தன் கைபேசியில் மூன்று படங்களைக் காட்டினார்.

“வெட்டின முனையப் பாக்கணும். எலும்புன்னா குட்டிக் குட்டிப் புள்ளி இருக்கும், ரத்தம் ஓடின ஓட்டை. பிளாஸ்டிக்னா ஒண்ணும் இருக்காது. இத பாருங்க, இது தந்தம். கோடு ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டிட்டுப் போகுது பாருங்க, கோரை முடைஞ்ச மாதிரி. அந்தக் கோணம் குறுகலா இருந்தா பனிக்குள்ள புதைஞ்ச அந்தக் காலத்து மிருகம், அது வேற கதை. விரிஞ்சிருந்தா நம்ம யானை.”

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோரை முடைந்த மாதிரி என்று அவர் சொன்னதற்கு முன்பே அந்த உவமை என்னிடம் இருந்தது. ஏழு வயதில், உடைந்த ஒரு வெள்ளை முனையை நகத்தால் வருடிக்கொண்டே, “அம்மா, இதுக்குள்ள கோரைப்பாய் இருக்கு” என்று சொன்னது நான்.

அப்போதுதான் அவர் படிவத்தை நீட்டினார். ஐந்து வரிகள். முதல் நான்கும் பார்சலைப் பற்றியவை. ஐந்தாவது: என்னிடமோ என் வீட்டிலோ யானைத் தந்தமோ, அதனால் செய்த எந்தப் பொருளோ இல்லை.

“ஃபார்மாலிட்டிதான் மேடம். தாள்ல உங்க கையெழுத்து இருக்கு, அதனால உங்ககிட்ட வாங்கறோம்.”

“திங்கட்கிழமை தரலாமா சார்?”

அவர் பேனாவை மூடினார்.

“இதுக்கு எதுக்கு மேடம் திங்கட்கிழமை?”

“படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போடுவேன் சார்.”

“நல்ல பழக்கம்.” சிறிது நேரம் என்னைப் பார்த்தார். “வீட்ல யாரு இருக்காங்க?”

“அம்மா மட்டும்.”

“இன்னா பண்றாங்க?”

“வீட்லயே ஷூவுக்கு அப்பர் தைக்கறாங்க, மேல்பக்கத்துத் தோல்.”

“கையாலயா?”

“கையாலதான்.”

மற்றவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், தட்டையானது. ஒரு முனை வழுவழுவென்று வளைந்திருக்கும், மறு முனை உடைந்திருக்கும். தோலின் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி மடித்த பிறகு, மடிப்பு எழும்பாமல் இருக்க அதை வைத்து அழுத்தித் தேய்ப்பாள் அம்மா. கத்தி, ஊசி, நூல் வரிசையில் அதற்கும் ஓர் இடம். எங்கள் வீட்டில் அதன் பெயர் எலும்பு. “எலும்பு எங்கடி?” “எலும்ப எடுத்தவங்க எடுத்த எடத்துல வெக்க மாட்டீங்களா?” நான் கேட்டு வளர்ந்தது இதைத்தான். வேறு வீடுகளில் மடிப்புக்கு வைத்திருப்பதும் மாட்டெலும்புதான். அதனால் பெயரை யாரும் சந்தேகிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை அதன் நிறம் போனைவிட ஐவரிக்குத்தான் கிட்டே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கை எண்ணெய் பட்டு மஞ்சளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

“இன்னாடி, இன்னிக்கு எலும்பு மேல கண்ணு?”

“நாளைக்கு ஃபாக்டரிக்கு எடுத்துட்டுப் போறேம்மா. சாயங்காலம் குடுத்துடறேன்.”

“எடுத்துட்டுப் போய்? நாளைக்கு இருவது ஜோடி குடுக்கணும். உன் நகத்தாலயா மடிப்பேன்?”

“ஒரு நாளைக்கு ஸ்பூன் வெச்சு மடி.”

“ஸ்பூன் வெச்சு மடிக்கவா இவ்ளோ படிச்ச?” என்றாள். ஆனால் கொடுத்துவிட்டாள். கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன். பை அன்று இரவு முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. காரணம் இல்லாமல் கதவை இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன் ஆய்வகத்துக்குப் போனேன். தோலின் மயிர்த்துளைகளைப் பார்க்க ஒரு நுண்ணோக்கி வைத்திருக்கிறோம். உடைந்த முனையை ஈரத் துணியால் துடைத்து அதன் கீழே வைத்தேன். குறிப்பேட்டில் வழக்கம்போல எழுதத் தொடங்கினேன். ‘மாதிரி:’ என்று எழுதிவிட்டு, அதன் எதிரே எதை எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

புள்ளிகள் இல்லை. ஓட்டைகள் இல்லை. கோடுகள் இருந்தன. இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, முனையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயின. படம் எடுத்து, அச்செடுத்து, கோணமானி வைத்து ஐந்து இடங்களில் அளந்தேன். ஐந்தும் செங்கோணத்தைத் தாண்டி நன்றாக விரிந்திருந்தன. ஆறாவது இடத்தில் அளந்தேன். அதுவும் விரிந்திருந்தது.

கோடு என்ற சொல்லுக்கு நான் எழுதிவைத்த பொருள்களில் முதலாவதான தந்தமும் கடைசியான கோடும் ஒரே அச்சுத் தாளில் இருந்தன. அதைக் கண்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பாய் உள்ளே வந்தார். தாளை எட்டிப் பார்த்தார்.

“இது இன்னா தோலும்மா? தினுசா இருக்கு.”

“தெரியல பாய்.”

“உனக்கே தெரியலையா?” என்று சிரித்தார். பிறகு, போகிற போக்கில், “அந்த ஆபீசர் இப்பதான் போன் பண்ணாரு. உங்க வீட்டுக்கு வழி கேட்டாரு” என்றார்.

“எதுக்கு?”

“சொல்லல. தண்ணி டேங்கைத் தாண்டி ரெண்டாவது சந்து, வாசல்ல அப்பர் காயும்னு சொன்னேன்.” என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “சொல்லக் கூடாதாம்மா?”

“பரவால்ல பாய்.”

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேருந்தில் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் என்ன செய்யலாம் என்று எழுதினேன். ஒன்று, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொருளை ஒளித்து வைப்பது. இரண்டு, அதை இல்லாமல் ஆக்குவது. மூன்று, சொல்லிவிடுவது. முதல் இரண்டையும் எழுதும்போது என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதை எழுதும்போது அம்மாவின் பெயரையும் எழுத வேண்டும் என்பது புரிந்தது. அங்கே பேனாவை நிறுத்தினேன். தந்தத்தை உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். எங்களிடம் இருந்த சான்று, ‘எலும்பு’ என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லி வந்தது ஒன்றுதான்.

அம்மா ஸ்பூனின் முதுகால் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணலாக வந்ததில் கோபமாக இருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அச்செடுத்த படத்தையும் காட்டினேன்.

“எலும்புடி அது.”

“இல்லம்மா.”

“எலும்புன்னுதான நாம சொல்றோம்? வந்தாங்கன்னா எலும்புன்னு சொல்லிட்டாப் போச்சு.”

“அவர் முனையப் பாப்பாரும்மா.”

“அப்ப முனையத் தேய்ச்சிடு. உங்க ஃபாக்டரில இல்லாத மெஷினா?”

“தேய்ச்சா புதுசா ஒரு முனை வரும். அதுலயும் இருக்கும். அந்தக் கோடு உள்ள வரைக்கும் போகுது.”

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, அந்தப் பொருள் அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன இடம்.

“அப்ப இவ்ளோ நாளா என் கைல இருந்தது யானையா?” என்றாள். எழுந்து போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவினாள்.

திரும்பி வந்து, அது எப்படி வந்தது என்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். பட்டறையை மூடியபோது ஆபீஸ் மேஜைகளைக் காலி செய்தார்கள். ஒரு மேஜையின் இழுப்பறையில் காகிதம் கிழிக்கிற கத்தி ஒன்று பாதி உடைந்து கிடந்தது. எந்தக் காலத்து மேஜையோ, யாருடைய கத்தியோ. மேஸ்திரி அதன் ஒரு முனையைக் கல்லில் தேய்த்து உருட்டி, “நல்ல எலும்பு, வெச்சுக்கோ” என்று அம்மாவிடம் கொடுத்தார். அவர் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது.

“அந்த ஆளு எலும்புன்னு சொன்னாரு, நானும் எலும்புன்னேன். பேரு வெச்சவரு போய்ட்டாரு, பேஜாரு எனக்கா?”

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து எங்களுக்கு நடுவே தரையில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

“பாலாத்துல போட்டுட்டா?”

“அதுவும் எழுதி வெச்சிருக்கேன். ரெண்டாவது.”

“எதையும் நம்பர் போட்டுத்தான் யோசிப்பியா நீ?” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “உள்ள போடுவாங்களா?”

“தெரியாதும்மா. போடலாம்னு சட்டத்துல இருக்கு. போட்டே ஆவாங்கன்னு இல்ல. நாமளே போய்க் குடுத்தா ஒரு மாதிரி. அவங்க வந்து எடுத்தா வேற மாதிரி.”

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. இருவரும் வாசலைப் பார்த்தோம். அது பக்கத்து வீட்டுக்கு வந்தது. ஆனால் அம்மாவின் கை, தரையில் கிடந்த கைக்குட்டையை அதற்குள் மடிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் எதையும் ஒளித்ததில்லை.

கைக்குட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

“எழுது. என் பேரப் போடு. உன் பேரப் போட்டுடாத, உனக்கு வேலை இருக்கு.”

வெள்ளிக்கிழமை இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முதல் கடிதம் இரண்டு பக்கம், இது அரைப் பக்கம். ஒரு சொல்லில்தான் நேரம் எடுத்தது. எலும்பு என்று எழுதினால் அது பொய்யாகிவிட்டது. ஐவரி என்று எழுதினால் என் மேஜையில் அதற்கு வேறு பொருள். கடைசியில் ‘யானைத் தந்தம் என்று நான் சோதித்து அறிந்த ஒரு பொருள்’ என்று எழுதினேன். யாரிடம் இருந்தது, யார் கொடுத்தது, யார் சோதித்தது என்று மூன்று வரி. அம்மாவின் பெயர், என் பெயர் இரண்டையும் போட்டேன். படிவத்தில் ஐந்தாவது வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மற்ற நான்குக்கும் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை பேருந்தில் சத்துவாச்சாரி போய் இறங்கி, வனத்துறை அலுவலகத்துக்கு நடந்தேன். அம்மா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். மூத்தவர் இருந்தார். கடிதத்தைப் படித்தார். கைக்குட்டையைப் பிரித்து, உடைந்த முனையை ஜன்னல் பக்கம் திருப்பினார். கைபேசியை எடுக்கவில்லை, படத்தோடு ஒப்பிடவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

“திங்கட்கிழமை நாங்களே வர்றதா இருந்தோம்” என்றார்.

“தெரியும் சார்.”

“எத்தனை வருஷமா வீட்ல இருக்கு?”

“இருவது வருஷத்துக்கு மேல.”

“யாருகிட்டயும் சொல்லலையா?”

“பேரு தெரியாது சார்.”

“பேரு தெரியாதுன்னா?”

“எலும்புன்னு நெனச்சோம்.”

அவர் பழுப்பு உறை ஒன்றை எடுத்துப் பொருளை உள்ளே போட்டு அரக்கு வைத்தார். மேலே ஒட்டும் சீட்டில் பொருளின் விவரம் என்ற கட்டம் இருந்தது. அதில் எழுதினார்: ஐவரி, ஒரு பீஸ். அதில் விடுபட்ட சொல் எதுவும் இல்லை.

இன்றைய நிலை இது. பார்சல் விடுவிக்கப்பட்டு, ‘ஆட்டுத் தோல்’ என்று தொடங்கும் புதிய தாளோடு போய்விட்டது. வாங்குபவர் நிறத்தை ஒப்புக்கொண்டார். அம்மாவின் பொருள் பரிசோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அதன் முடிவு வந்ததும் அவளை வாக்குமூலத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நாள் சொல்லவில்லை. வழக்கு உண்டா இல்லையா என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. அம்மா ஸ்பூனால் மடிக்கிறாள். அப்பர்களை வாசலில் காய வைப்பதை நிறுத்திவிட்டாள். அவளைக் கூப்பிடும் கடிதம் இன்னும் வரவில்லை.